ஒரு வேளை தவறலாம். குழாயின் இடம் தவறக் கூடாது

வாயால் உண்ண இயலாத ஒருவரை உணவூட்டும் குழாயுடன் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நாளில், அவருடைய குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுக்க வேண்டும்?" அதற்கான விடை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். கேட்கப்படாமல் போகும் மற்றொரு கேள்வி உண்டு: "குழாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பதை வீட்டில் எவ்வாறு அறிவது? இடம் மாறியிருந்தால் என்ன செய்வது?" இவ்விதழில் அந்தக் கேள்விக்கு விடை கூற விழைகிறோம்.

குழாய்வழி உணவு பெறுவோர் பலர். பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்த முதியவர்கள், நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், மூளைவாதத்துடன் பிறந்த குழந்தைகள் எனப் பட்டியல் நீளும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நம் வட்டாரம் மறக்கவில்லை. பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பையும் மூளையின் ஆழ்பகுதிகளையும் தாக்கும் நஞ்சு. அதிலிருந்து உயிர் தப்பியவர்களுள் சிலருக்குப் பார்வை மங்குவதோடு உடல் இறுக்கம், பேச்சுக் குழறல், விழுங்குவதில் தடுமாற்றம் ஆகியவை நீடிப்பதும் உண்டு.

எந்த நோயால் வந்த நிலையாயினும், உயிர் பிழைத்தார் என்ற செய்தியோடு ஊரின் கவலை அடங்கிவிடுகிறது. அதற்குப் பிந்தைய மாதங்களின் பாரம் வீட்டில் ஒரு தாயின் மீதோ, மனைவியின் மீதோ, மகனின் மீதோ இறங்குகிறது. வார்டில் மூன்று செவிலியர்கள் மாறி மாறிச் செய்த வேலையை அங்கே ஒருவரே செய்கிறார். அவருக்காகவே இக்கட்டுரை.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் குழாய்?

மூக்கு வழியாகத் தொண்டையைக் கடந்து இரைப்பைக்குள் இறங்கும் மெல்லிய குழாயை எல்லோரும் ரைல்ஸ் டியூப் என்றே அழைக்கிறோம். 1921-ஆம் ஆண்டு இக்குழாயை விவரித்த ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. சில வாரத் தேவைக்கு இது போதும். மாதக்கணக்கில் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றின் மேற்புறத் தோல் வழியாக எண்டோஸ்கோப்பி உதவியுடன் நேராக இரைப்பைக்குள் ஒரு குழாயைப் பொருத்துகிறோம். இதற்குப் பெக் என்று பெயர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள் 1979-இல் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாக இதைச் செய்தார்கள். இக்கட்டுரையில் முதலாவதை மூக்குக் குழாய் என்றும், இரண்டாவதை வயிற்றுக் குழாய் என்றும் குறிப்பிடுகிறோம்.

இரண்டின் ஆபத்துகளும் வேறு வேறானவை. மூக்குக் குழாய் இருக்கும் தொண்டைப் பகுதியில்தான் மூச்சுக்குழாயின் வாசலும் உள்ளது. குழாயின் நுனி மேலேறி அங்கே வந்துவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். உடல்நலம் உள்ளவருக்கு ஒரு சொட்டு நீர் தவறிப் போனாலே புரையேறி இருமல் வந்துவிடுகிறது. பக்கவாதமோ மூளைப் பாதிப்போ உள்ளவருக்கு அந்த இருமல் வராமலே போகலாம். அவர் அமைதியாக இருக்கிறார் என்பதால் குழாய் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வயிற்றுக் குழாயில் இந்த அபாயம் குறைவு. ஆனால் அது கழன்று வந்துவிட்டால், வயிற்றில் உள்ள துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்க வேண்டியவை

மூக்குக் குழாயைப் பொருத்தும்போது, மூக்குத் துளையை ஒட்டிக் குழாயின் மேல் அழியாத மையால் ஓர் அடையாளம் இடுகிறோம். வெளியே தொங்கும் நீளத்தை அளந்து உங்கள் குறிப்பேட்டில் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு வேளை உணவுக்கும் மருந்துக்கும் முன்பாக அந்த அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்திரி நெகிழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து, தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். வாந்தி, கடும் இருமல், விக்கல், குழாயை நோயாளி பிடித்து இழுத்தல் ஆகியவற்றுள் எது நேர்ந்திருந்தாலும் இச்சோதனைகளை மறுபடியும் செய்ய வேண்டும்.

பிறகு சிரிஞ்சால் மெதுவாகச் சிறிதளவு திரவத்தை இழுத்துப் பாருங்கள். இரைப்பை நீர் தெளிவாகவோ, இளம் பச்சையாகவோ, முன்பு கொடுத்த உணவின் நிறத்திலோ இருக்கும். அமிலத்தன்மையை அறியும் பிஹெச் தாளை நாங்கள் உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதில் 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் நுனி இரைப்பையில் இருப்பதாகக் கொள்ளலாம். அமிலம் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இந்த எண் உயர்ந்து காட்டக்கூடும். அவர்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரவம் வராததாலேயே குழாய் இடம் மாறிவிட்டது என்று பொருளில்லை. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் உணவு கொடுக்காமல் எங்களை அழையுங்கள்.

இரண்டு பழைய வழக்கங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றின் மேல் காதை வைத்துச் சத்தம் கேட்பது. மற்றொன்று, குழாயின் முனையை ஒரு டம்ளர் நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. மருத்துவத் துறையினரும் நெடுங்காலம் இவற்றை நம்பினர். நுரையீரலில் இருக்கும் குழாயிலும் காற்றின் ஓசை வயிற்றுப் பக்கம் கேட்கக்கூடும். இரைப்பையில் இருக்கும் குழாயிலும் குமிழி வரக்கூடும். இந்தச் சோதனைகளை நம்பி உணவு கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஐயம் தீராத இடத்தில் முடிவு சொல்வது எக்ஸ்ரேதான்.

வயிற்றுக் குழாய்க்கும் நீளக் குறி உண்டு. தோலை ஒட்டிய வட்டத் தட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்பதைத் தினமும் பாருங்கள். தட்டுக்கும் தோலுக்கும் இடையில் அரை சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். புண் ஆறிய பின்னர், நாங்கள் சொல்லும் நாளிலிருந்து, குழாயை நாள்தோறும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட வேண்டும். சுற்ற இயலாமல் இறுகியிருந்தால் உட்புறத் தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதையத் தொடங்கியிருக்கலாம். வலுக்கட்டாயமாகச் சுற்றாமல் எங்களிடம் வாருங்கள்.

உணவும் நீரும் மருந்தும்

படுக்கவைத்து ஒருபோதும் உணவு கொடுக்கக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்தோ, முதுகுக்குப் பின்னால் மடித்த பாயும் தலையணைகளும் அடுக்கியோ இதைச் செய்யலாம். உணவு முடிந்த பிறகும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்கட்டும்.

50 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, உணவு தானாக இறங்கும்படி ஊற்றுங்கள். தண்டால் அழுத்தி வேகமாகச் செலுத்தினால் வயிறு உப்பும், வாந்தி வரும், வாந்தியால் புரையேறும். பெரியவர்களுக்கு ஒரு வேளை உணவு இறங்கக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. கொதித்து ஆறிய நீரை ஊற்றிக் குழாயை அலச வேண்டும். குழந்தைகளுக்கும், நீரின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டிய இதய, சிறுநீரக நோயாளர்களுக்கும் இந்த அளவுகள் வேறு. அவர்களுக்குச் சீட்டில் எழுதியபடி செய்யுங்கள்.

நம் மலையூர்களில் சாமைக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் அன்றாட உணவு. அவற்றைக் குழாய்வழியும் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உணவியல் ஆலோசகர் ஒப்புதல் அளித்தால் கொடுக்கலாம். ஆனால் சிறுதானியக் கஞ்சி ஆற ஆற இறுகும். தவிட்டுத் துகள் குழாயின் துளைகளில் தங்கும். நன்றாக வேகவைத்து, அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, நீர்க்கச் செய்து, வெதுவெதுப்பான நிலையில் கொடுங்கள். தயாரித்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் அந்தந்த வேளைக்கு அவ்வப்போது தயாரிப்பதே நல்லது.

மருந்துகளை உணவோடு கலக்காதீர்கள். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே மாவாகப் பொடித்து, நீரில் கரைத்துக் கொடுத்து, இடையிடையே சிறிது நீரால் அலசுங்கள். எல்லா மாத்திரைகளையும் பொடிக்க முடியாது. மெதுவாகக் கரையும்படியோ, குடலில் கரையும்படியோ மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்தின் அளவு பிழையாகும். மருந்து வாங்கும்போதே குழாய்வழி கொடுக்கப் போவதாகச் சொல்லி, திரவ வடிவம் உண்டா என்று கேளுங்கள்.

சுத்தமும் பராமரிப்பும்

குழாயைத் தொடும் முன் சோப்பால் கை கழுவுங்கள். சிரிஞ்சைப் பயன்படுத்தியதும் தண்டையும் உருளையையும் தனித்தனியே சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, சுத்தமான துணியில் கவிழ்த்து உலரவிட்டு மூடிவையுங்கள். தண்டு இறுகினாலோ, ரப்பர் வெடித்தாலோ, அளவுக் கோடுகள் அழிந்தாலோ சிரிஞ்சை மாற்றிவிட வேண்டும். சொட்டுப் பை பயன்படுத்துவோர் பையையும் அதன் குழலையும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மூக்கில் ஒட்டிய பிளாஸ்திரியை நாள்தோறும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். மாற்றும் வேளையில் ஒருவர் குழாயைப் பிடித்திருக்க, மற்றவர் ஒட்டுவது பாதுகாப்பு. குழாய் கழன்று வருவது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில்தான். குழாய் ஒரே இடத்தில் அழுத்தினால் மூக்குத் துளையின் ஓரம் புண்ணாகும். சிவப்பு தெரிந்தால் ஒட்டும் கோணத்தை மாற்றுங்கள். வயிற்றுக் குழாயைச் சுற்றிய தோலைத் தினமும் சோப்பும் நீரும் கொண்டு துடைத்து ஈரமின்றி வையுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, இரத்தம் கசியும் சதை வளர்ச்சி, உணவுக் கசிவு ஆகியவை காட்ட வேண்டிய அறிகுறிகள்.

வாயால் உண்ணாதவருக்கும் காலையும் மாலையும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணாத வாயில் கிருமிகள் பெருகுகின்றன. எச்சில் தவறி மூச்சுக்குழாயில் இறங்கும்போது அக்கிருமிகளே நிமோனியாவுக்கு வழிவகுக்கின்றன.

அடைப்பு ஏற்பட்டால் முதலில் குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் வெதுவெதுப்பான நீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து மெதுவாகச் செலுத்தியும் இழுத்தும் பாருங்கள். சிறிய சிரிஞ்சால் அழுத்தினால் அழுத்தம் மிகுந்து குழாய் கிழியக்கூடும். குளிர்பானம் ஊற்றுவதும், கம்பியோ ஈர்க்குச்சியோ விட்டுக் குத்துவதும் கூடவே கூடாது. அரை மணி நேரத்தில் அடைப்பு நீங்காவிட்டால் முயற்சியை நிறுத்திவிட்டு அழையுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

குழாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. பிவிசியால் ஆன சாதாரண ரைல்ஸ் குழாய் இரைப்பை அமிலத்தில் விறைத்துப் போகும் இயல்புடையது. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மாற்றிவிட வேண்டும். மென்மையான பாலியூரிதேன், சிலிகான் குழாய்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை தாங்கும். மாற்றும்போது மறுபக்க மூக்குத் துளையைப் பயன்படுத்தினால் புண் ஆற இடம் கிடைக்கும். உட்புறத் தட்டுள்ள வயிற்றுக் குழாய் நல்ல பராமரிப்பில் ஓர் ஆண்டையும் கடந்து உழைக்கும். நீர் நிரப்பிய பலூன் உள்ள வகையை மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும். அந்தப் பலூனின் நீரளவை வாரம் ஒருமுறை சரிபார்க்க உங்களுக்குக் கற்றுத் தருவோம்.

குழாயின் வகை, அதன் அளவு எண், பொருத்திய நாள், அடுத்து மாற்ற வேண்டிய நாள் ஆகிய நான்கையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாற்ற வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வரலாம். குழாய் நிறம் மாறி, விறைத்து, வெடிப்பு விட்டிருந்தால் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கழன்று வந்துவிட்டால்

இரவு பத்து மணி. கடைசிப் பேருந்து போய்விட்டது. நோயாளி குழாயை இழுத்துவிட்டார். இரவுக் கஞ்சி இன்னும் கொடுக்கவில்லை. இந்நிலையில் குடும்பத்தாரின் மனத்தில் எழும் முதல் அச்சம், "பட்டினி கிடப்பாரே" என்பதுதான். அந்த அச்சமே குழாயை மீண்டும் மூக்கில் நுழைக்கத் தூண்டுகிறது. அல்லது "ஒரு வாய்தானே" என்று கரண்டியால் ஊட்டத் தூண்டுகிறது. இரண்டையும் செய்ய வேண்டாமென்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர் ஒருவருக்கு ஓரிரு வேளை உணவு தவறினால் ஈடுசெய்துவிடலாம். நுரையீரலில் இறங்கிய ஒரு வேளை உணவு உயிரையே பறிக்கக்கூடும்.

மூக்குக் குழாய் முழுவதும் வந்துவிட்டால் அதை எடுத்து வைத்துவிட்டு, நோயாளியை நிமிர்த்தி அமரவையுங்கள். பாதி வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். அப்படியே ஒட்டிவைத்து, எதுவும் கொடுக்காமல் அழைத்து வாருங்கள். பாதி வந்த குழாயால் மூச்சுத் திணறினால் அதை மடித்துப் பிடித்து முழுவதும் உருவிவிடுங்கள். புதுக் குழாயைப் பொருத்த வேண்டியவர் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது மருத்துவர் மட்டுமே.

வயிற்றுக் குழாய் கழன்றால் விடியும்வரை காத்திருக்கலாகாது. துளையைச் சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். பொருத்தி ஆறு வாரம் ஆகாத நிலையில் எக்காரணம் கொண்டும் அதைத் திரும்ப நுழைக்கக் கூடாது. இரைப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டியிராத நிலையில், குழாய் வயிற்றறைக்குள் போய்விடும். பழைய துளை உள்ளவர்களுள் சிலருக்கு மட்டும், துளை மூடாதிருக்கக் குழாயை வைக்கும் முறையை நாங்களே நேரில் கற்றுக் கொடுத்திருப்போம். அவர்களும் நாங்கள் சரிபார்க்கும்வரை அதன்வழி எதையும் கொடுக்கக் கூடாது.

காத்திருக்க இயலாதவர்களும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ பெற்றவர்கள், வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு மூக்குக் குழாய் கழன்றாலும் அதே இரவில் அழையுங்கள்.

பின்வருவனவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உணவை நிறுத்தி, தலையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள்:

• உணவு கொடுக்கும்போதோ கொடுத்த பின்போ மூச்சுத் திணறல், விடாத இருமல், மூச்சில் களகள ஓசை
• உதடோ நகமோ நீலம் பூத்தல்
• வயிற்றுக் குழாய் மாற்றிய பின் கடும் வயிற்று வலி, வயிறு கல்லாக இறுகுதல்
• குழாயில் இரத்தமோ காப்பித் தூள் நிறத் திரவமோ வருதல்
• காய்ச்சலோடு மயக்கம் அல்லது நினைவு தடுமாறுதல்

தொலைவில் வாழ்வோருக்கு

வெள்ளிமலை, கரியாலூர் போன்ற கல்வராயன் மலைப்பகுதிகளிலிருந்து வருவோருக்குத் திட்டமிடல் கூடுதலாகத் தேவை. வீட்டை விட்டுப் புறப்படும் முன்னர் அல்ல, இங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்னரே அதைத் தொடங்குங்கள். உங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்குக் குழாய் பொருத்தும் வசதி உண்டா என்று எங்கள் செவிலியருடன் சேர்ந்து விசாரித்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள, பிரிக்கப்படாத ஒரு குழாயை வீட்டில் வைத்திருங்கள். அதைப் பொருத்துவதற்கு வருபவரோ நீங்கள் செல்லும் இடத்தில் இருப்பவரோ தேடி அலைய வேண்டியிராது. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்போருக்கான வீட்டுவழி ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் ஊர்ப் பணியாளரிடம் நோயாளியின் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டுமே இவ்வேலை தெரிந்திருப்பது ஆபத்து. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் செய்வார்? டிஸ்சார்ஜுக்கு முன் குறைந்தது இருவர் எங்கள் முன்னிலையில் தம் கையால் உணவு கொடுத்துக் காட்ட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். எத்தனை முறை கேட்டாலும் கற்றுத் தருவோம், கூச்சம் வேண்டாம்.

இறுதியாக ஒன்று. குழாய் எல்லோருக்கும் வாழ்நாள் முழுவதற்குமானது அன்று. பக்கவாதத்திற்குப் பின் பலருக்கு விழுங்கும் ஆற்றல் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்புகிறது. குழாய் மாற்ற வரும் ஒவ்வொரு முறையும், "விழுங்கும் சோதனை செய்து பார்க்கலாமா?" என்று எங்களைக் கேளுங்கள். அதுவரை ஒவ்வொரு வேளையும் அடையாளத்தைப் பாருங்கள், வாயைப் பாருங்கள், திரவத்தைப் பாருங்கள். ஐயம் இருந்தால் அந்த வேளை உணவைக் கொடுக்காமல் எங்களை அழையுங்கள். அப்படி நிறுத்தியதற்காக எவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.